ரூபாய் நோட்டு ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்றைய நூறு ரூபாயையும் முப்பது வருடத்துக்கு முந்தைய நூறு ரூபாயையும் பக்கத்தில் வைத்தால் நிறம், நீளம், படம் எதுவுமே ஒத்துப்போகாது. யாரோ ரசனைக்காக மாற்றிவிட்டார்கள் என்று தோன்றும். வரலாற்றைப் புரட்டினால் வேறு ஆட்கள் தெரிகிறார்கள். இந்திய நோட்டைப் பெரும்பாலும் மாற்றவைத்தது கள்ளநோட்டுக்காரனும் விலைவாசியும்தான். அடுத்தடுத்து வரும் கேள்விகளுக்கு அந்தக் கண்ணோட்டத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

இந்திய அரசின் முதல் நோட்டு எப்படி இருந்தது?

1861ஆம் ஆண்டு காகிதப் பணச் சட்டம் வரும்வரை, பேங்க் ஆஃப் பெங்கால், பேங்க் ஆஃப் பாம்பே, பேங்க் ஆஃப் மெட்ராஸ் போன்ற வங்கிகள் தங்கள் பெயரில் நோட்டு வெளியிட்டு வந்தன. அந்த உரிமையைச் சட்டம் பறித்து அரசிடம் கொடுத்தது. அரசின் முதல் வரிசையில் மூலையில் விக்டோரியா மகாராணியின் சிறிய உருவம் இருந்தது. ஒரு பக்கம் மட்டுமே அச்சு. பின்பக்கம் வெறும் வெள்ளை.

அந்த நோட்டுகள் வெகுநாள் நிற்கவில்லை. கள்ளநோட்டுகள் பெருகவே, 1867இல் எழுத்துகளுக்குப் பின்னணியாக வண்ணக் கோலம் அச்சிட்ட புது வரிசை வந்தது. ஆக, அரசு நோட்டின் முதல் வடிவ மாற்றமே கள்ளநோட்டால் வந்ததுதான். பிறகு வந்த பெரிய மாற்றங்களில் பலவற்றுக்கும் இதே காரணம்.

ஒரே நாட்டில் ஓர் ஊர் நோட்டு இன்னோர் ஊரில் செல்லாது என்பது உண்மையா?

உண்மை. தொடக்கத்தில் நாடு நாணய வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சென்னை வட்டத்தில் வெளியான நோட்டைச் சட்டப்படி அந்த வட்டத்தில்தான் காசாக மாற்றிக்கொள்ள முடியும். நோட்டில் ஊரின் பெயரும் அந்தப் பகுதியின் மொழிகளும் இருந்தது இதனால்தான். 1903இல் ஐந்து ரூபாயில் தொடங்கி 1911இல் நூறு ரூபாய் வரை, படிப்படியாக இந்தத் தடையை நீக்கினார்கள்.

அந்தக் காலத்துப் பெரிய நோட்டுகள் சில இன்று இரண்டு துண்டுகளாகக் கிடைக்கும். கிழிந்ததல்ல, வேண்டுமென்றே வெட்டியது. வெளியூருக்குப் பணம் அனுப்ப, நோட்டை நடுவில் வெட்டி ஒரு பாதியை முதலில் தபாலில் அனுப்புவார்கள். அது வந்து சேர்ந்தது என்று கடிதம் வந்த பிறகுதான் மறுபாதி போகும். வழியில் திருடியவனுக்குப் பாதி நோட்டால் பயன் இல்லை. வரிசை எண் நோட்டின் இரு பாதியிலும் அச்சிடப்பட்டிருந்ததால் ஒட்டிச் சேர்ப்பதும் சுலபம்.

ரிசர்வ் வங்கியின் முதல் நோட்டு எது?

ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. ஆனால் அதன் முதல் நோட்டு 1938 ஜனவரியில்தான் வந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு அது. அதே ஆண்டில் 10, 100, 1000, 10,000 ரூபாய் நோட்டுகளும் வந்தன. கையெழுத்து இரண்டாவது ஆளுநர் ஜேம்ஸ் டெய்லருடையது. முதல் ஆளுநர் ஆஸ்போர்ன் ஸ்மித் எந்த நோட்டிலும் கையெழுத்திடாமலே பதவி விலகிவிட்டார்.

சுதந்திரம் கிடைத்ததும் மன்னர் படத்தை எடுத்துவிட்டார்களா?

உடனே இல்லை. 1947க்குப் பிறகும் மன்னர் படம் போட்ட நோட்டுகளே புழங்கின. பாகிஸ்தானுக்கும் சில காலம் ரிசர்வ் வங்கியே நோட்டு கொடுத்தது. இந்திய நோட்டின் மேலேயே பாகிஸ்தான் அரசு என்று கூடுதலாக அச்சிட்டு அங்கே பயன்படுத்தினார்கள்.

மன்னருக்குப் பதில் காந்தியின் படத்தைப் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அதற்கான மாதிரி வடிவங்கள்கூடத் தயாராகின. கடைசியில் சாரநாத் அசோகத் தூணின் சிங்கத் தலைப்பு என்று முடிவானது. 1949இல் ஒரு ரூபாய் நோட்டில் சிங்கங்கள் முதலில் வந்தன. குடியரசான பிறகு மற்ற நோட்டுகளிலும் வந்தன. மற்றபடி பழைய அமைப்பு பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தது. இரண்டு ரூபாயில் புலி, பத்து ரூபாயில் பாய்மரக் கப்பல், நூறு ரூபாயில் யானைகள் என்று அந்தக் காலத்து நோட்டுகளுக்குத் தனி அழகு உண்டு.

தஞ்சைப் பெரிய கோயில் நோட்டில் இருந்ததாமே?

ஆமாம், 1000 ரூபாய் நோட்டில். 1954இல் 1000, 5000, 10,000 ரூபாய் நோட்டுகளை மீண்டும் கொண்டுவந்தார்கள். இவற்றை முன்பே 1946 ஜனவரியில் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள் (5000 மட்டும் அப்போது இல்லை, புதிதாக வந்தது). 5000 ரூபாயில் மும்பையின் இந்தியா நுழைவாயில், 10,000 ரூபாயில் அசோகச் சிங்கம், 1000 ரூபாயில் தஞ்சைப் பெரிய கோயில்.

ஆனால் அந்த நோட்டைக் கையில் பிடித்துப் பார்த்த தமிழர்கள் மிகக் குறைவாகவே இருந்திருப்பார்கள். அன்றைக்கு ஆயிரம் ரூபாய் என்பது சாதாரணக் குடும்பம் ஒரே தாளாகப் பார்க்கும் தொகை இல்லை. கறுப்புப் பணத்தைக் காரணம் காட்டி 1978 ஜனவரி 16 அன்று மூன்றையும் செல்லாததாக்கிவிட்டார்கள். அதன் பிறகு பெரிய கோயில் நோட்டில் வரவே இல்லை. கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010இல் ஐந்து ரூபாய் நாணயத்தில் வந்தது. இது எனக்கு வருத்தம்தான். ஹம்பியும் எல்லோராவும் கோனார்க்கும் இடம்பெற்ற இன்றைய வரிசையில் தஞ்சைக்கும் ஓர் இடம் இருந்திருக்கலாம்.

நோட்டு ஏன் சிறுத்துக்கொண்டே வந்தது?

செலவு. அறுபதுகளின் தொடக்கத்தில் பொருளாதாரம் நெருக்கடியில் இருந்தது. சிக்கனத்துக்காக 1967இல் நோட்டுகளின் அளவைக் குறைத்தார்கள். நோட்டு அச்சாவது பருத்தி இழையில் செய்த தாளில். அதனால்தான் அது நனைந்தாலும் சட்டென்று கிழிவதில்லை. அந்தத் தாளுக்கு விலை அதிகம், கோடிக்கணக்கில் அடிக்கும்போது சில மில்லிமீட்டர்கூடப் பெரிய தொகையாகிவிடும். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் (இன்றைய நர்மதாபுரம்) பாதுகாப்புத் தாள் ஆலை வந்ததும் அதே காலகட்டத்தில்தான்.

காந்தி படம் எப்போது வந்தது?

1969இல், அவருடைய நூற்றாண்டுக்கு. சேவாகிராம் ஆசிரமத்தின் முன் அவர் அமர்ந்திருக்கும் படம் அது. அது நினைவு வெளியீடு மட்டுமே. அதன் பின் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நோட்டின் பின்பக்கத்தை நாட்டின் வளர்ச்சி பிடித்துக்கொண்டது. இரண்டு ரூபாயில் ஆரியபட்டா செயற்கைக்கோள், ஒரு ரூபாயில் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை, ஐந்து ரூபாயில் டிராக்டர், நூறு ரூபாயில் ஹிராகுட் அணை. பத்து ரூபாயில் மயிலும் இருபது ரூபாயில் கோனார்க் தேர்ச்சக்கரமும் இருந்தன. ஐந்து ரூபாய் டிராக்டரைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

1978க்குப் பிறகு நூறு ரூபாய்தான் நாட்டின் மிகப் பெரிய நோட்டு. விலைவாசி ஏற ஏற, கொஞ்சம் பெரிய கொடுக்கல்வாங்கலுக்கும் கட்டுக்கட்டாக நூறு ரூபாய் தேவைப்பட்டது. அதனால் 1987 அக்டோபரில் 500 ரூபாய் நோட்டை மீண்டும் கொண்டுவந்தார்கள். அதன் முகப்பில் காந்தி இருந்தார். ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் நீர்க்குறியில் இன்னும் சிங்கங்கள்தான்.

எல்லா நோட்டிலும் அவர் முகமே வரக் காரணம் என்ன?

1996இல் மகாத்மா காந்தி வரிசை தொடங்கியது. வண்ண நகல் இயந்திரங்களும் ஸ்கேனர்களும் மலிவாகிக்கொண்டிருந்த காலம் அது. கட்டடம், சிலை, தூண் போன்ற உயிரற்ற உருவங்களைப் போலியாகச் செய்தால் பார்ப்பவர் எளிதில் கண்டுபிடிக்க மாட்டார். மனித முகம் அப்படியில்லை. கண் ஓரத்துக் கோடு கொஞ்சம் பிசகினாலும் 'ஏதோ சரியில்லையே' என்று மனதில் உறுத்தும். முகத்தைத் தேர்ந்தெடுத்ததில் இந்தக் கணக்கு உண்டு. நாட்டில் யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டாத முகம் என்பதும் உண்டு.

அந்தப் படம் வரைந்தது இல்லை, புகைப்படத்திலிருந்து எடுத்தது. 1946இல், இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக இருக்கும் அன்றைய வைஸ்ராய் மாளிகையில், பிரிட்டிஷ் அமைச்சர் பெதிக் லாரன்ஸ் பிரபு பக்கத்தில் நிற்க காந்தி சிரிக்கும் படம். அவரை மட்டும் பிரித்தெடுத்து, இடம் வலமாகத் திருப்பிப் பயன்படுத்தினார்கள்.

இந்த வரிசையின் 500 ரூபாயின் பின்பக்கத்தில் தண்டி யாத்திரைக் காட்சி இருந்ததே, அது டெல்லியில் உள்ள பதினொரு உருவங்கள் கொண்ட சிலைத் தொகுதி. அதைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்தவர், மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்தவரும் அவர்தான்.

2005க்கு முந்தைய நோட்டு என்று தனியாகச் சொல்வது ஏன்?

2005இல் அதே காந்தி வரிசையில் இயந்திரம் படிக்கும் பாதுகாப்பு இழை போன்ற கூடுதல் அம்சங்களைச் சேர்த்தார்கள். பின்பக்கம் அடியில் அச்சான ஆண்டையும் போட ஆரம்பித்தார்கள். ஆண்டு இல்லாத நோட்டு பழையது. அவற்றை 2014 முதல் மெல்ல மெல்லத் திரும்பப் பெற்றார்கள். 2010இல் ரூபாய்க்குத் தனிக் குறியீடு வந்தது. அதை வடிவமைத்த டி. உதயகுமார் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். அதன் பின் அச்சான நோட்டுகளில் அந்தக் குறியீடும் சேர்ந்தது.

2016க்குப் பிறகு வந்த நோட்டுகளில் என்னென்ன மாறின?

ஏறத்தாழ எல்லாமே. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. தொடர்ந்து மங்கள்யான் படத்தோடு 2000, செங்கோட்டையோடு புது 500 வந்தன. 2017இல் ஹம்பி கல்தேரோடு நீல நிற 50, சாஞ்சி ஸ்தூபியோடு மஞ்சள் 200. 2018இல் கோனார்க் சூரியக் கோயிலோடு பழுப்பு 10, குஜராத்தின் ராணி படிக்கிணற்றோடு இளம் ஊதா 100. 2019இல் எல்லோராவோடு பச்சை கலந்த மஞ்சள் 20.

அளவும் மாறியதால் ஏ.டி.எம். இயந்திரங்களின் பெட்டிகளில் புது நோட்டு பொருந்தவில்லை. நாடு முழுக்க இருந்த ஏறக்குறைய இரண்டு லட்சம் இயந்திரங்களையும் ஆள் அனுப்பித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்த வாரங்களில் வரிசையில் நின்றவர்கள் பட்ட பாட்டில் இதற்கும் பங்கு உண்டு. புதிய வடிவத்தை வெளியிடுமுன் அதை எண்ணும் இயந்திரத்தையும் தயார்செய்ய வேண்டும் என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

இப்போதைய 500 ரூபாயில் எதைப் பார்த்து உறுதிசெய்வது?

முதலில் தடவிப் பாருங்கள். காந்தி முகமும், அசோகச் சிங்கமும், வலது ஓரத்து வட்டக் குறியும், இரு ஓரத்திலும் உள்ள சாய்கோடுகளும் விரலுக்கு மேடாகத் தட்டுப்பட வேண்டும். அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வெற்றிடத்தில் காந்தியும் 500 என்ற எண்ணும் நீர்க்குறியாகத் தெரியும். நோட்டைச் சாய்த்தால் பாதுகாப்பு இழையின் பச்சை நீலமாக மாறும். முகப்பில் வலது பக்கம் அடியில் உள்ள 500 என்ற எண்ணும் அப்படியே மாறும். வரிசை எண்ணின் இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் பெரிதாகிக்கொண்டே போகும். இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தடவுவது, வெளிச்சம், சாய்ப்பது மூன்றையும் செய்தாலும் பத்து விநாடிதான் ஆகும்.

எண்ணுக்கு நடுவே நட்சத்திரக் குறி இருந்தால் பயப்பட வேண்டாம். அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாகச் சேர்த்தது அது, முழுமையாகச் செல்லும்.

பார்வையற்றவர்களுக்குப் புது வடிவம் வசதியா?

இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: பழையதைவிடக் கடினம்.

1996 வரிசையில் 100 ரூபாய் 157 மில்லிமீட்டர் நீளம், 500 ரூபாய் 167, பிறகு வந்த 1000 ரூபாய் 177. ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். நோட்டை விரல்களுக்கிடையில் மடித்து அளந்து பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு அது போதுமான வித்தியாசம். இன்றைய 100 ரூபாய் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. அகலம் மூன்றுக்கும் 66தான். நான்கு மில்லிமீட்டர் என்பது பேருந்தில் நின்றுகொண்டு சில்லறை வாங்கும்போது கைக்குத் தெரிகிற அளவா? பார்வை உள்ளவர்களே கண்ணை மூடிக்கொண்டு முயன்று பார்க்கட்டும்.

மேடான குறிகள் இருக்கத்தான் செய்கின்றன. 100 ரூபாயில் முக்கோணமும் நான்கு சாய்கோடுகளும், 500 ரூபாயில் வட்டமும் ஐந்து சாய்கோடுகளும். 200 ரூபாயில் நான்கு சாய்கோடுகளுக்கு நடுவே இரண்டு சிறு வட்டங்கள். புத்தம் புது நோட்டில் இவை நன்றாகவே தெரியும். நூறு கை மாறி, வேர்வையில் ஊறி, மடிப்பு விழுந்த நோட்டில் மேடு தேய்ந்துவிடுகிறது. பழைய வரிசையில் 20, 50 ரூபாய்க்கும் மேடான குறி இருந்தது. இப்போது 100 ரூபாயிலும் அதற்கு மேற்பட்ட நோட்டுகளிலும்தான் மேடான அச்சு. தினசரி அதிகம் புழங்குவது சின்ன நோட்டுகள்தான் என்பதை நினைத்தால் இது நியாயமாகப் படவில்லை.

பார்வையற்றோர் அமைப்பு இதற்காக நீதிமன்றம் வரை சென்றது. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் 'மணி' என்ற கைபேசிச் செயலியை வெளியிட்டது. நோட்டைக் கேமராவுக்குக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று குரலில் சொல்லும், இணையம் தேவையில்லை. நல்ல முயற்சி. ஆனால் கூட்டமான கடையில் ஒரு கையில் போனையும் மறு கையில் நோட்டையும் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வது தீர்வாகாது. அடுத்த வரிசையை வடிவமைக்கும்போது நீள வித்தியாசத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

நோட்டில் தமிழ் எங்கே இருக்கிறது?

பின்பக்கத்தில் உள்ள மொழிக் கட்டத்தில் 15 மொழிகள் மேலிருந்து கீழாக ஆங்கில அகரவரிசைப்படி அமைந்திருக்கும். அஸ்ஸாமியில் தொடங்கி உருதுவில் முடியும். கீழிருந்து மூன்றாவது தமிழ். அதற்கு அடுத்து தெலுங்கு, கடைசியாக உருது. இந்தியும் ஆங்கிலமும் கட்டத்துக்கு வெளியே பெரிதாக இருப்பதால் மொத்தம் 17. தமிழ் இதில் புதிய வரவில்லை. பிரிட்டிஷ் காலத்து நோட்டுகளிலேயே தமிழில் தொகை எழுதப்பட்டிருந்தது.

ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் ஆளுநர் கையெழுத்து இல்லையே?

அது ரிசர்வ் வங்கியின் நோட்டு இல்லை, இந்திய அரசு நேரடியாக வெளியிடுவது. நிதித்துறைச் செயலர்தான் கையெழுத்திடுவார்; தொகையைத் தருவதாக உறுதியளிக்கும் வாசகமும் இருக்காது. முதல் உலகப் போரில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது, வெள்ளிக் காசுக்கு மாற்றாக 1917 நவம்பர் 30 அன்று அறிமுகமான நோட்டு அது. 1994இல் நிறுத்தி, 2015இல் மறுபடி அச்சிட்டார்கள். மன்மோகன் சிங்கின் கையெழுத்து இரண்டு வகையிலும் உண்டு: நிதித்துறைச் செயலராக ஒரு ரூபாயிலும், ஆளுநராக மற்ற நோட்டுகளிலும்.

வடிவத்தை முடிவு செய்வது யார்?

ரிசர்வ் வங்கியின் மத்தியக் குழு பரிந்துரைக்கும், மத்திய அரசு ஒப்புதல் தரும். ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 25ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. அச்சிடுவது நான்கு இடங்களில்: நாசிக், தேவாஸ், மைசூரு, மேற்கு வங்கத்தின் சால்பனி.

எந்தப் பழைய நோட்டுகள் இன்னும் செல்லும்?

செல்லாது என்று அரசு அறிவித்தவை தவிர மற்றவை செல்லும். பழைய வடிவ 10, 20, 50, 100 ரூபாய் நோட்டுகள் தாராளமாகச் செல்லும். கடைக்காரர் வாங்க மறுத்தால் வங்கியில் கட்டலாம். இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நோட்டுகளைப் பல வருடங்களாக அச்சிடுவதில்லை என்றாலும் அவையும் செல்லும். 2000 ரூபாயை 2023 மே 19 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள், செல்லாததாக்கவில்லை. வங்கிக் கிளையில் மாற்றும் காலம் 2023 அக்டோபர் 7உடன் முடிந்தது. அதன் பிறகு சென்னை உட்பட 19 ஊர்களில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகங்கள்தான் வழி. தபாலில் அனுப்பவும் ஏற்பாடு உண்டு.

பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருவதாக விளம்பரம் வருகிறதே?

நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷனும் வரியும் முன்பணமாகக் கேட்பார்கள்; கட்டியதும் ஆள் காணாமல் போவார். ரிசர்வ் வங்கி 2021இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. அது பழைய நோட்டை வாங்குவதும் இல்லை, யாருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுத்ததும் இல்லை. அரிய நோட்டுக்குச் சேகரிப்பாளர்களிடம் விலை உண்டுதான். ஆனால் அந்த விலை நோட்டு எவ்வளவு அரிது, எவ்வளவு கசங்காமல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வீட்டு அலமாரியில் கிடைத்த டிராக்டர் நோட்டு லட்சம் பெறாது.

பழைய வடிவங்களை நேரில் எங்கே பார்க்கலாம்?

மும்பை கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கியின் பண அருங்காட்சியகம் இருக்கிறது. 2004இல் அப்துல் கலாம் திறந்துவைத்தது. கொல்கத்தாவிலும் 2019இல் ஒரு ரிசர்வ் வங்கி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.